தேய்ந்த வெள்ளி: நாணயத் தரப்படுத்தலும் மலையகத் தொழிலாளரின் கூலி வரலாறும்

நாணயவியல் எம்மிடையே பெரும்பாலும் அரசர்களின் வரலாற்றுக்குத் துணைநிற்கும் ஒரு துறையாகவே பயிலப்பட்டு வந்துள்ளது. ஆண்டவன் யார், ஆட்சிக்காலம் யாது, ஆட்சி எல்லை எதுவரை பரந்திருந்தது என்னும் வினாக்களுக்கு நாணயம் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. அந்நாணயம் எவருடைய உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது, எவர் கைகளிற் புழங்கித் தேய்ந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பிரித்தானியர் காலத்து வெள்ளி நாணயங்களைச் சேகரித்துத் தரம்பிரிக்கும் வழக்கத்தை மலையகத் தோட்டத் தொழிலாளரின் கூலி வரலாற்றோடு இணைத்து நோக்கும்போது இவ்வினாக்களின் முக்கியத்துவம் புலப்படும்.

முதலில் நாணயங்களைப் பற்றிச் சில கூறவேண்டும். நான்காம் ஜோர்ஜ் மன்னனின் தலையும் யானை உருவும் பொறிக்கப்பட்ட 1821ஆம் ஆண்டின் வெள்ளி ரிக்ஸ்டொலர், ஒல்லாந்தர் காலக் கணக்கு முறையின் எச்சமாகும். 1825இல் பிரித்தானிய நாணயமுறை புகுத்தப்பட்டபோது ஒரு ரிக்ஸ்டொலர் 1 சிலிங் 6 பென்ஸ் என மதிப்பிடப்பட்டது. அதன் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சமமான ஒன்றரைப் பென்ஸ் வெள்ளி நாணயம் 1834 முதல் பொறிக்கப்பட்டது. ஆயினும் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு ஊர் திரும்புகையிற் பயன்பட்டது இந்திய வெள்ளி ரூபாவே. 1872ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதி முதல் ரூபா, சதம் என்னும் கணக்கே இலங்கையிற் சட்டபூர்வமாயிற்று. 1892 முதல் 10, 25, 50 சத வெள்ளி நாணயங்கள் இலங்கைக்கெனப் பொறிக்கப்பட்டன. ரூபா நாணயமோ இந்திய ரூபாவாகவே இருந்தது. ஏறத்தாழ 11.66 கிராம் நிறையும், பன்னிரண்டிற் பதினொரு பங்கு தூய வெள்ளியும் கொண்டது அது.

இந்நாணயங்களைத் தரம்பிரிப்போர் முதலிற் பார்ப்பது தேய்மானத்தையே. விக்டோரியாவின் ரூபாவிற் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள், முடியின் விளிம்பு, மேலாடையின் பூவேலை ஆகியன மேடான பகுதிகள். விரல்பட்டு முதலில் மழுங்குவன அவையே. அவ்விழைகள் எவ்வளவு தெளிவாக உள்ளன என்பதைக் கொண்டு ‘ஃபைன்’, ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ எனப் படிகள் வகுக்கப்படுகின்றன. உச்சியில் இருப்பது ஒருநாளும் புழக்கத்துக்கு வராத நாணயம். வெள்ளியின் மேற்பரப்பிற் காலப்போக்கிற் படியும் கருமை இயல்பானதென மதிக்கப்படும். அதனைத் துலக்கியவர் நாணயத்தின் விலையைக் குறைத்தவராவார். துளையிட்ட நாணயமும் வளையம் பற்றவைத்த நாணயமும் பழுதுபட்டவை என ஒதுக்கப்படும்.

இத்தரப்படுத்தலின் உள்ளியல்பை உணர்த்தும் ஒரு செய்தியை இங்கு குறிப்பிடலாம். இன்று உலகெங்கும் வழங்கும் 1 முதல் 70 வரையான எண் அளவையை வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் வெளியிட்டார். பழைய அமெரிக்கச் செப்புச் சதங்களுக்கென அவர் வகுத்த அவ்வளவை, தொடக்கத்தில் விலையையே குறித்தது: 1ஆம் தரத்து நாணயத்தைப் போல 70 மடங்கு விலைபெறுவது 70ஆம் தரத்து நாணயம். பொருளின் இயற்கைப் பண்பெனத் தோற்றமளிக்கும் தரம், பிறப்பிலேயே சந்தை உறவொன்றின் வெளிப்பாடாக இருந்தமை இதனாற் புலனாகும். 1986 முதல் அமெரிக்கத் தரநிர்ணயக் கம்பனிகள் நாணயத்தைப் பிளாஸ்ரிக் பேழைக்குள் முத்திரையிட்டு அடைக்கத் தொடங்கியதும் இவ்வுறவு முழுமைபெற்றது. பணமாகப் பிறந்த பொருள் பணத்தின் தொழிலை ஒருபோதும் செய்யாதிருந்தமையே அதன் உயர்ந்த மதிப்புக்குக் காரணமாயிற்று.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், புழங்கும் நாணயம் தேயுந்தோறும் அதன் பெயரும் அதன் உலோகமும் ஒன்றிலிருந்தொன்று விலகுகின்றன என மார்க்ஸ் விளக்குகின்றார். அதே ஆண்டிலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலையை வர்த்தக நோக்கிற் பயிரிடலானார். கோப்பி நோயினால் அழிய, ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளிற் தேயிலை பரவிய பதினெட்டு நூற்று எண்பதுகள், தொண்ணூறுகளில் ஆண் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஏறத்தாழ 33 சதமாகவே நிலைத்திருந்தது; பெண்ணுக்கு அதனிலும் குறைவு. ஆகவே விக்டோரியாவின் தலை பொறித்த ஒரு ரூபா என்பது ஓர் ஆணின் மூன்று நாள் உழைப்பாகும்.

கூலியின் எண் அசையாது நிற்க, அதன் உலோகம் சந்தையில் வீழ்ந்துகொண்டிருந்தது. பதினெட்டு நூற்று எழுபதுகளின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதி கொண்டிருந்த ரூபா, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 1 சிலிங் 1 பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. ஐரோப்பிய நாடுகள் பொன்னை நாணய அடிப்படையாகக் கொண்டமையும் வெள்ளி அகழ்வு பெருகியமையும் இதன் முக்கிய காரணங்கள். 1893 யூன் மாதத்தில் இந்திய நாணயசாலைகள் தனியாரின் வெள்ளியை ஏற்று நாணயமாக்குவதை நிறுத்தும்வரை இவ்வீழ்ச்சியைத் தடுக்க வழியிருக்கவில்லை. தேயிலை இலண்டனிற் பவுணுக்கு விற்கப்பட்டது. கூலியோ ரூபாவிற் கொடுக்கப்பட்டது. தொழிலாளி உண்ட அரிசியும் ரூபாவிலேயே வாங்கப்பட்டமையால் அவரது வயிறு உடனடியாகப் பாதியாகிவிட்டது எனக் கூறுதல் மிகையாகும். ஆனால் தோட்டச் சொந்தக்காரரின் கூலிச் செலவு பவுண் கணக்கிற் பாதியளவுக்குக் குறைந்தது. நாணயமாற்று விகிதம் அளித்த இலாபத்தில் உழைத்தவருக்குப் பங்கிருக்கவில்லை. வெள்ளி ரூபாவைக் கையிலெடுப்பவர் இந்த உறவையும் சேர்த்தே ஏந்துகின்றார்.

அவ்வெள்ளியும் தொழிலாளரின் கையை முழுமையாக அடைந்ததில்லை. தோட்டம் வழங்கிய அரிசிக்கான தொகை கூலிக் கணக்கிற் கழிக்கப்பட்டது. வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கடன் கணக்கில் ஏறின. கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடனோடு சேர்த்தே கைமாற்றப்பட்டனர். ஆளொன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணி பெற்ற கொடுப்பனவு, சதக் கணக்கு வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் ‘பென்ஸ் காசு’ என்றே வழங்கப்பட்டது. நாணயம் மறைந்த பின்னும் அதன் பெயர் உற்பத்தி உறவோடு ஒட்டிக்கொண்டு வாழ்ந்தமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

கழிவுகளெல்லாம் போக எஞ்சிய வெள்ளியின் ஒரு பகுதி அணிகலனாயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் வெள்ளி அணிகளோடு காட்சி தரும் பழைய அஞ்சலட்டைப் படங்கள் பல உள. அவற்றைத் தோட்டச் செழிப்பின் சான்றாகக் காண்போர் உளர். எமது வாசிப்பு வேறு. பெண்ணின் கூலியைக் கணவனோ தகப்பனோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நிலவிய தோட்டச் சமூகத்தில், கழுத்தில் ஏறிய காசு, எளிதிற் பிறர் எடுத்துச் செலவிட முடியாத சேமிப்பாகும். வங்கியற்ற லயத்தில் அதுவே வங்கி. நாணயத்திலே துளையிட்டவர் அதனைப் பழுதாக்கவில்லை. கூலியைச் சொத்தாக மாற்ற முயன்றார். தரம்பிரிப்போரின் ஏட்டில் இச்செயல் ‘சேதம்’ எனப் பதிவாகின்றது.

இது வெறும் கண்ணோட்ட வேறுபாடாயின் நாம் இவ்வளவு கூறவேண்டியதில்லை. தரப்படுத்தலுக்குப் பௌதிக விளைவு ஒன்றுண்டு. அரிய ஆண்டுகளுக்குரியவை தவிர, மழுங்கிய ரூபாவும் துளைபட்ட ரூபாவும் சந்தையிற் சேகரிப்புப் பொருளாகக் கருதப்படுவதில்லை. அவை நிறையளவில், வெள்ளி விலைக்கே கொள்ளப்படுகின்றன. அடகுக் கடையிலிருந்து நகைத் தொழிலாளியின் மூசைக்குச் செல்லும் வழி குறுகியது. வெள்ளியின் விலை ஏறுந்தோறும் அவ்வழியே செல்லும் நாணயங்களின் தொகையும் பெருகும். ஆகவே பெட்டகத்திற் கிடந்த நாணயம் பேழையினுள் நிலைக்க, உழைப்பாளர் கையிற் புழங்கிய நாணயம் உருகி மறைகின்றது. எந்த வரலாறு எஞ்சவேண்டும் என்பதைச் சந்தையே தீர்மானிக்கின்றது. தம் கூலிக் கணக்கைத் தாமே எழுதிவைக்க வாய்ப்பற்றிருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு இவ்விழப்பு சிறிதன்று. துரைமாரின் கணக்கேடுகள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. கூலி பெற்றவர் விட்டுச்சென்ற எழுத்தாவணம் மிகச் சொற்பம்.

சேகரிப்பாளரின் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கொட்றிங்ரனின் 1924ஆம் ஆண்டு நூல் இன்றி இலங்கை நாணயங்களைப் பற்றிப் பேசுதல் அரிது. தனியாரின் ஆர்வமே பல நாணயங்களைக் காத்தது என்பதும் உண்மை. நாம் வேண்டுவது, ஆண்டு, நாணயசாலை, தரம் என்னும் மூன்று கட்டங்களைக் கொண்ட சேகரிப்பாளரின் அட்டையில் நான்காவதாக ஒரு கட்டம். எந்தத் தோட்டம், எந்தக் குடும்பம், கூலியாக வந்ததா, சீராக வந்ததா, எப்பொழுது அடகுக்குப் போயிற்று என்பன அதில் எழுதப்படல் வேண்டும். கொடுத்தவர் விரும்பாவிடிற் பெயரை விடலாம், தோட்டத்தை விடலாகாது.

கம்பளைக்கு அண்மையிற் பழைய லயக் கட்டடமொன்றில் 2007 முதல் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சியகம் போன்ற நிறுவனங்களும், மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் எம் மாணவரும் இப்பணியைத் தொடங்கலாம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்கும் பொறுமையும், மூசைக்குச் செல்லுமுன் ஒரு குறிப்பும் ஒரு நிழற்படமும் போதுமானவை. கூந்தல் இழை மழுங்கிய ஒரு ரூபாவின் தேய்மானம் எவர் விரல்களால் நேர்ந்தது என்பதை எழுதிவைத்தால், சந்தை கடைநிலைக்குத் தள்ளிய அந்நாணயம் சமூக வரலாற்றாசிரியனுக்கு முதற்றரச் சான்றாகிவிடும்.