கிணற்றுச் சுவரில் ஒரு கடல்

வலிகாமம் வடக்கில் எங்கள் வளவில் புதுக் கிணறு வெட்டியபோது எனக்குப் பத்து வயதிருக்கும். செம்மண் இரண்டு முழத்துடன் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கல். அலவாங்கு கொண்டும் வெடி வைத்தும் உடைத்த கற்கள் வேலியோரம் குவிந்தன. அவற்றுள் ஒரு கல்லின் பிளந்த முகத்தில் முழுமையான சிப்பி ஒன்று தெரிந்தது. யாரோ கடற்கரையிலிருந்து கொண்டுவந்து போட்டது என எண்ணி அதைப் பெயர்க்க முயன்றேன். பெயரவில்லை. சிப்பியும் கல்லும் ஒன்றாகியிருந்தன.

"முந்தி உதெல்லாம் கடல், தம்பி" என்றார் கிணறு வெட்ட வந்திருந்த முதியவர்.

அவர் புவியியல் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னது முற்றிலும் சரி. ஐரோப்பாவின் அறிஞர்கள் அந்த முடிவுக்கு வந்துசேர நீண்ட காலம் பிடித்தது என்பதைப் பின்னாளில்தான் படித்து அறிந்தேன்.

மால்ட்டா போன்ற இடங்களின் பாறைகளில் கிடைத்த முக்கோண வடிவக் கற்களை அவர்கள் நெடுங்காலம் 'நாக்குக் கற்கள்' என்றே அழைத்தனர். பாம்பின் நாக்குகள் கல்லாயின என்றும், வானிலிருந்து விழுந்தவை என்றும் கதைகள் நிலவின. 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலை புளோரன்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டது. அதை அறுத்து ஆராய்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவரான நிக்கொலாஸ் ஸ்டெனோ. சுறாவின் பற்களும் நாக்குக் கற்களும் ஒரே அமைப்புடையவை என்பதை அவர் கண்டார். அடுத்த கேள்வி தானாக எழுந்தது: கடல் மீனின் பல் மலைப் பாறைக்குள் எவ்வாறு புகுந்தது? 1669இல் வெளியிட்ட நூலில் ஸ்டெனோ அதற்கு விடை கூறினார். பாறை ஒரு காலத்தில் நீரடியில் படிந்த சேறு. பல் அச்சேற்றில் புதைந்தது. சேறு பின்னர் இறுகியது. குலைக்கப்படாத படைகளில் கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்ற விதியையும் அவரே வகுத்தார். பூமிக்கு ஒரு வரலாறு உண்டென்றும் அதை ஏடு ஏடாக வாசிக்கலாமென்றும் உணர்த்திய விதி அது.

எமது பாடநூல்கள் உயிர்ச்சுவடு என்று கூறியதைத் தமிழகத்தில் புதைபடிவம் என்கிறார்கள். இரண்டும் நல்ல சொற்கள். ஆயினும் 'புதை' என்பதிலேயே செய்தியின் உயிர் இருக்கிறது. விரைவாகப் புதையாத எதுவும் சுவடாவது அரிது.

கடலடியில் இறக்கும் சிப்பியின் சதை சில நாள்களில் அழுகிவிடும். ஓடு திறந்த வெளியில் கிடந்தால் அலையும் துளையிடும் உயிரினங்களும் அதைப் பொடியாக்கிவிடும். இறந்த சிறிது காலத்திலேயே சேறு மூடவேண்டும். மூடிய சேற்றுக்குள் ஒட்சிசன் குறைவு, சிதைவு மந்தமாகும். மேலே படை படையாக அடையல்கள் சேர, அவற்றின் பாரத்தால் கீழ்ச் சேற்றிலுள்ள நீர் வெளியேறுகிறது. துகள்களின் இடைவெளிகளில் ஊறும் நீரிலிருந்து கல்சியம் காபனேற்று படிந்து, சாந்து போலத் துகள்களைப் பிணைக்கிறது. அடையல் பாறையாகிறது. சில வேளைகளில் ஓடே கனியங்களால் உறுதிபெறுகிறது. சில வேளைகளில் அது கரைந்து வெற்றிடமாகி, அச்சில் வார்த்தது போல வேறு கனியம் அந்த இடத்தை நிரப்புகிறது. அப்போது எஞ்சுவது சிப்பியன்று, சிப்பியின் வடிவம் மட்டுமே.

இதன் பின்னரும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பாறையைப் பெருவெப்பமும் பேரழுத்தமும் தீண்டக்கூடாது. இலங்கையின் பெரும்பகுதி தவறியது இங்கேதான். தீவின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளால் ஆனது. அவை நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவற்றுள் பல முதலில் தோன்றிய காலத்தில் ஓடுடைய உயிர்களே உலகில் இருக்கவில்லை. ஆகவே கண்டியின் மலைகளில் சிப்பி தேடுவதில் பயனில்லை. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவவில் சுராசிக் காலத்து இலைகள் பதிந்த படைகள் உண்டு. அதன் பின் நீண்ட மௌனம். அடுத்த பெரும் ஏடு மயோசின் காலத்துச் சுண்ணக்கல். 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது அக்காலம். வடமேற்குக் கரையோரமும் யாழ்ப்பாணக் குடாநாடும் இந்தக் கல்லின் மேல் அமைந்தவை. கீரிமலைக் கேணிக்கு நன்னீர் தருவதும் நிலாவரைக் கிணற்றின் ஆழத்துக்குக் காரணமானதும் இதே கல்லின் வெடிப்புகளும் குகைகளுமே.

இந்த ஏட்டை அறிவியல் உலகுக்கு வாசித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் இலங்கையில் கனிய ஆய்வாளராகப் பணியாற்றிய ஈ.ஜே. வேலண்ட். டேவிஸ் என்ற அறிஞருடன் சேர்ந்து இலங்கையின் மயோசின் படைகள் பற்றி 1923இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளமானது. அடுத்துக் குறிப்பிட வேண்டியவர் 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல. இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் அகழ்வோர் 'இல்லம்' என்று அழைக்கும் சரளைப் படையில் எலும்புகளும் பற்களும் கிடைத்து வந்தன. அவை இன்னும் பாறையாக இறுகாத அடையல்கள். அவற்றிலிருந்து, இன்று இத்தீவில் இல்லாத நீர்யானையையும் காண்டாமிருகத்தையும் அவர் இனங்கண்டார். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு இங்கு சிங்கம் வாழ்ந்தது என்றும் 1939இல் எழுதினார். சிங்கத்தைக் கொடியில் தாங்கிய நாட்டில், அந்த விலங்கு உண்மையாக வாழ்ந்தமைக்குச் சான்று இரண்டு பற்கள்! அகழ்ந்தவர் கழிவுக் குவியலில் அவற்றை வீசியிருந்தால் அதுவும் இல்லை.

புதைதல் போதாது, இறுகுதல் போதாது. கண்டெடுப்பவர் ஒருவரும் வேண்டும். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை எங்கள் அயலவர் பலருக்குச் சோறு போட்டது. அதன் கற்குழிகளில் தோண்டப்பட்டதும் அதே மயோசின் கடலடிதான். புத்தளத்துச் சீமெந்துக்காக அருவக்காலுவில் வெட்டப்பட்டதும் அதுவே. குழி தோண்டாவிட்டால் சுவடு வெளியே வராது; தோண்டியதைப் பார்ப்பாரில்லாவிட்டால் அது சூளைக்குள் போய்விடும். தொழிற்சாலைகளை மூடவேண்டும் என்று நான் வாதிடவில்லை. குழியருகே பயிற்சி பெற்ற ஒருவர் நின்று பார்த்து, பதிந்து வைத்தால் போதும் என்கிறேன்.

1990இல் போர் காரணமாக அந்தத் தொழிற்சாலை நின்றது. அதே ஆண்டு நாங்களும் ஊரைவிட்டு வெளியேறினோம். அந்தச் சிப்பிக் கல் என் மேசையில் தாள்களுக்குப் பாரமாக இருந்தது. அடியில் நான் எழுதிய முதற் செய்திகளின் நறுக்குகள். உடுத்த உடையுடன் புறப்படுகையில் கல்லைத் தூக்கிச் செல்ல யாருக்குத் தோன்றும்?

போர் முடிந்து பல ஆண்டுகளின் பின் காணி விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. ஒரு சுவர்கூட இல்லை. நிலத்துக்கு மேலே இருந்த எமது வாழ்வின் அடையாளம் ஒன்றும் எஞ்சவில்லை. பற்றையை விலக்கி நடந்தபோது கிணறு தென்பட்டது. கட்டு உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். வெட்டிய கற்சுவரில் வெயில் விழும் இடத்தில் சிப்பிகளின் வரிசை, அன்று கண்டபடியே இருந்தது.

கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். உட்சுவருக்குச் சீமெந்து பூசலாமா என்று மேசன் கேட்டார். வேண்டாம் என்றேன்.