மீண்டும் ஒரு கைப்பழக்கம்

சோற்றைப் பிசைந்து உண்பது, பொத்தான் மாட்டுவது, குழாயைத் திருகுவது ஆகியவற்றை நாம் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. நரம்போ தசையோ பழுதுற்றால் இவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடுகிறது. இழந்த இத்திறன்களைப் பயிற்சியாலும் தக்க கருவிகளாலும் மீட்டுத் தரும் துறையே ‘ஆக்குபேஷனல் தெரபி’ எனப்படும் செயல்வழிச் சிகிச்சை.

முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தபோது இத்துறை விரைந்து வளர்ந்தது. இந்தியாவில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். அதே காலத்தில் நம் தமிழகத்திலும் ஓர் அரிய முயற்சி நடைபெற்றது. கடம்பத்தூர் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் ரயில் பாதை காட்பாடியை அடைகிறது. அதை அடுத்துள்ள வேலூர்தான் அம்முயற்சியின் களம்.

கத்தி மட்டும் போதுமா?

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் முழங்கையருகே செல்லும் நரம்பைத் தாக்கும்போது கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுகின்றன. நலமாக உள்ள வேறொரு தசையின் நாணைப் பிரித்து விரலுடன் இணைத்தார் பிராண்ட். விரல் நிமிர வழி பிறந்தது. ஆனால் இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையைக் கத்தியால் கற்பிக்க இயலாது. எந்தத் தசையை இயக்கினால் எந்த விரல் அசையும் என்பதை நோயாளி மீண்டும் பயில வேண்டியிருந்தது.

அழுத்தத்தின் பாடம்

நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தனர். அப்போது குணமான கைகளில் புதிய புண்கள் தோன்றின. காரணம் நோயன்று, வலி உணர்வு இல்லாமையே. வலி தெரியாத கை, கருவியை அளவுக்கு மீறி இறுகப் பற்றுகிறது.

விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்று பள்ளியில் படிக்கிறோம். 20 நியூட்டன் விசை 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் செயல்பட்டால் அழுத்தம் 20 அலகு. அதே விசை 5 சதுர சென்டிமீட்டரில் பரவினால் 4 அலகுதான். ஆகவே கைப்பிடியைப் பருமனாக்கி, வழவழப்பாக்கினால் தோல் பிழைக்கிறது. நாள்தோறும் கைகளைக் கண்ணால் சோதிக்கும் பழக்கமும் கற்பிக்கப்பட்டது. வலி செய்துவந்த காவலைக் கண் ஏற்றுக்கொண்டது.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

பிராண்டிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நமக்கு என்ன?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளில் பிரஸ், லேத் ஆகிய இயந்திரங்களில் வேலை செய்வோர் பலர். விரல் நசுங்கியவருக்குத் தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ணுதல் கூடாது. அசைக்காத மூட்டு இறுகிவிடும். “எப்போது பயிற்சி தொடங்கலாம்?” என்று மருத்துவரிடம் அப்போதே கேட்க வேண்டும். சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இதற்கு வழியுண்டு. புண் ஆறுவது பாதிச் சிகிச்சையே. தன் சோற்றைத் தானே பிசைந்து உண்ணும் நாளில்தான் அது முழுமை அடைகிறது.