தனித்தள எடிட்டர்கள்

தனி ஒருவர் தமக்கென நடத்தும் சிறு இணையதளத்தின் பக்கங்களை எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள்கள். இணையப்பக்கம் என்பது எச்.டி.எம்.எல். குறிகள் இடப்பட்ட உரைக்கோப்புதான். ஆகவே கணினியோடு இலவசமாக வரும் நோட்பேடே இந்த வேலைக்குப் போதும். இவ்வகை மென்பொருள்கள் இரண்டு பிரிவாக அமையும். குறிகளை எழுதுபவரே தட்டச்சிட வேண்டிய உரை எடிட்டர்கள் ஒரு பிரிவு. உலாவியில் தெரிவதைப் போலவே பக்கத்தைத் திரையில் காட்டி, குறிகளைப் பின்னணியில் தாமே எழுதிக்கொள்ளும் காட்சி எடிட்டர்கள் மற்றொன்று.

இரண்டாவது பிரிவே மூத்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினிக்காக எழுதிய முதல் உலாவியிலேயே பக்கத்தைப் படிக்கவும் முடிந்தது, அங்கேயே திருத்தவும் முடிந்தது. பிறகு பரவலான மொசைக் போன்ற உலாவிகள் படிப்பதற்கு மட்டுமே உதவின. எழுத விரும்பியவர்கள் உரை எடிட்டரைத் திறந்து குறிகளைக் கற்றுக்கொண்டார்கள்.

ஜியோசிட்டீஸ் 1994இல் தொடங்கி, சாதாரண மக்களுக்கும் இலவசமாகப் பக்கங்கள் கிடைத்தபோது, குறி தெரியாதவர்களுக்கான மென்பொருள்கள் பெருகின. ஃப்ரண்ட்பேஜை உருவாக்கிய வெர்மீர் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1996இல் வாங்கியது. 1997இல் நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டருடன் கம்போசர் வந்தது. மேக்ரோமீடியாவின் டிரீம்வீவரும் அதே ஆண்டுதான்.

இவற்றின் குறை பயன்படுத்தும்போது தெரியாது, வேறொரு மென்பொருளுக்கு மாறும்போதுதான் தெரியும். ஃப்ரண்ட்பேஜில் அமைத்த வருகை எண்ணி, தேடல் கட்டம் போன்றவை இயங்க, தளத்தை வைத்திருக்கும் சர்வரிலும் அதற்கென ஒரு தனி நீட்சி நிறுவப்பட்டிருக்க வேண்டும். 2006இல் ஃப்ரண்ட்பேஜின் கதை முடிந்தது. பிறகு அந்த நீட்சியும் சர்வர்களிலிருந்து மறைய, அந்தப் பக்கங்களில் வேலை செய்யாத கட்டங்களே மிஞ்சின. வேர்டில் தட்டச்சிட்டு இணையப்பக்கமாகச் சேமிப்பவர்களுக்கு வேறு தொல்லை: நான்கு வரிக் கடிதத்தோடு, வேர்டுக்கு மட்டுமே புரியும் பாணிக் குறிப்புகள் பல மடங்கு நீளத்துக்கு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு காட்சி எடிட்டர் தேறுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஏற்கெனவே உள்ள பக்கம் ஒன்றின் நகலை அதில் திறந்து, எழுத்து ஒன்றைக்கூட மாற்றாமல் சேமித்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிடலாம். வரிகள் இடம் மாறியிருந்தாலோ புதுக் குறிகள் முளைத்திருந்தாலோ அதை விட்டுவிடுவதே நல்லது.

எளிய காட்சி எடிட்டர்களில் நெட்ஸ்கேப் கம்போசரின் வழித்தோன்றல்களுக்கு நெடுநாள் மதிப்பிருந்தது. டேனியல் கிளாஸ்மன் உருவாக்கிய என்வியூவின் 1.0 பதிப்பு 2005இல் வந்தது. அது நின்றபின் அதன் நிரலிலிருந்து கம்போசெர் கிளைத்தது. 2010க்குப் பின் அதிலும் வளர்ச்சி இல்லை. 2014இல் தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல்.5இன் புதிய குறிகளை அது அறியாது. படமும் பத்தியும் சில இணைப்புகளும் மட்டுமே உள்ள பக்கத்துக்கு அந்தக் குறை ஒரு பொருட்டல்ல.

உரை எடிட்டர்களில் விண்டோஸில் பெயர்பெற்றது நோட்பேட்++. டான் ஹோ 2003இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. அளவு சில மெகாபைட்தான், பழைய கணினியிலும் உடனே திறக்கும். குறிகளை வண்ணம் பிரித்துக் காட்டுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தனித்தளம் நடத்துபவருக்கு அதைவிடப் பயன் தருவது, ஒரு கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளிலும் தேடி மாற்றும் வசதி. எல்லாப் பக்கங்களின் தலையிலும் இருக்கும் பட்டியலில் ஓர் இணைப்பைச் சேர்ப்பது அதில் ஒரு நிமிட வேலை. மேக்கில் பிபிஎடிட்டும் லினக்ஸில் ஜீனி, புளூஃபிஷ் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. மேக்கோடு வரும் டெக்ஸ்ட்எடிட்டைப் பயன்படுத்துவோர் முதலில் அதை வெற்று உரைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் இலவசம், திறமையானது. ஆனால் தனக்குள் ஓர் உலாவியின் இயந்திரத்தையே சுமந்து ஓடுவதால் அதிக நினைவகம் கேட்கும். பத்துப் பக்கத் தளத்துக்கு அது தேவையற்ற சுமை.

தமிழில் எழுதுபவருக்கு வண்ணத்தையும் வேகத்தையும்விட முக்கியமானது குறியேற்றம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. யு.டி.எஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட் எடுக்கும். விண்டோஸின் பழைய நோட்பேட் இயல்பாக ஆன்சி முறையில் சேமித்தது. தமிழ்ப் பக்கத்தை அப்படிச் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும், அவற்றை மீட்கவும் முடியாது. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேடும் யு.டி.எஃப்-8ஐ இயல்பாக்கிக்கொண்டது. பக்கத்தின் குறியேற்றத்தை அறிவிக்கும் மெட்டா குறி கோப்பின் முதல் 1,024 பைட்டுகளுக்குள் வர வேண்டும். அது இல்லாவிட்டால், சரியாகச் சேமித்த பக்கத்தையும் உலாவி தவறாக ஊகித்துக் குப்பையாகக் காட்டக்கூடும்.

நோட்பேட்++இன் குறியேற்றப் பட்டியலில் ஒரு கண்ணி உண்டு. யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தால், இருக்கும் பைட்டுகளை அது வேறு விதமாகப் படிக்கும், அவ்வளவுதான். யு.டி.எஃப்-8க்கு மாற்று என்பதைத் தேர்ந்தால் பைட்டுகளே மாறும். ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொடுக்கி, பிறகு சேமித்தும்விட்டால் பக்கம் கெடும். 1990களின் இறுதியில் டிஸ்கி எழுத்துருவில் எழுதிய பக்கங்களுக்கு இந்தப் பட்டியல் உதவாது. தனி மாற்றி ஒன்றின் வழியே யூனிகோடுக்குக் கொண்டுவந்த பிறகே அவற்றை எடிட்டரில் தொட வேண்டும்.

திருத்திய கோப்பைச் சர்வருக்கு ஏற்றுவது எடிட்டரின் வேலையல்ல. அதற்கு ஃபைல்ஸில்லா போன்ற கோப்பு அனுப்பிகள் உண்டு. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்.டி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற வசதியை 2021இல் நீக்கிவிட்டன, உலாவியை இதற்கு நம்ப முடியாது. மறையாக்கம் கொண்ட எஸ்.எஃப்.டி.பி.யைச் சர்வர் ஏற்குமானால் அதையே பயன்படுத்த வேண்டும், பழைய எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் திறந்த உரையாகவே போகும். ஜியோசிட்டீஸின் பாணியை மீட்டெடுக்க 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸில் எடிட்டர் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பக்கத்தைத் திருத்த எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை, கோப்புகளின் நகலைச் சொந்தக் கணினியில் வைத்துக்கொண்டால் போதும்.