இரும்புக்குப் பின்னால் தேக்கு

மரக்காணம் உப்பளங்களில் உப்பை வாரும் பலகை மரத்தாலானது. உப்புநீர் இரும்பை எத்தனை விரைவில் தின்னும் என்பதை அங்குள்ளோர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரப்பில் நின்றபோதுதான், இரும்பைப் போர்த்திக்கொண்டு கடலில் இறங்கிய முதல் போர்க்கப்பல்களின் நினைவு எழுந்தது.

1859இல் பிரான்சு வெள்ளோட்டம் விட்ட 'லா குளோர்' அடிப்படையில் மரக்கப்பல்தான். மேலே இரும்புத் தகடு பொருத்தியிருந்தார்கள். மறு ஆண்டு பிரிட்டனின் 'வாரியர்' இரும்பு உடலோடு வந்தது. ஆயினும் அதன் 4.5 அங்குலக் கவசத்துக்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு! குண்டின் அதிர்வைத் தாங்கிக்கொள்ள மரமே வேண்டியிருந்தது. இரும்பு வந்து மரத்தை ஒழித்தது என்று நாம் படித்த பாடம் அரைகுறையானது.

இந்தியாவுக்கென்றே கட்டப்பட்டவை இரண்டு: 'மக்தலா', 'அபிசீனியா'. 1868ஆம் ஆண்டின் அபிசீனியப் படையெடுப்பை நினைவூட்டும் பெயர்கள். இரண்டும் 1870இல் லண்டனில் வெள்ளோட்டம் கண்டவை. ஒவ்வொன்றிலும் இரு சுழல் கோபுரங்கள், நான்கு 10 அங்குலப் பீரங்கிகள். தாழ்ந்த தளம் கொண்ட அவை ஆழ்கடலுக்கு ஏற்றவையல்ல. பம்பாய்த் துறைமுகத்தைக் காத்து நின்று, போரே காணாமல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்கப்பட்டன.

சோழமண்டலக் கரைக்கு அப்படியொரு காவல் வாய்க்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' வந்து சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நமக்கு மிஞ்சியது ஒரு வசைச்சொல்.

மக்தலாவின் உடன்பிறப்பான 'செர்பெரஸ்' 1926இல் மெல்போர்ன் அருகே அலைத்தடுப்பாக மூழ்கடிக்கப்பட்டது. அதன் துருப்பிடித்த கோபுரங்கள் இன்னும் நீருக்கு மேலே தெரிகின்றன.