ஒலியை ஒலியால் அடக்குதல்

முள்ளை முள்ளால் எடுப்பது நம் முன்னோர் கண்ட வழி. அவ்வாறே ஒலியை ஒலியால் அகற்ற இயலுமா? இயலும் என்பதே இயற்பியல் தரும் விடை. ஆயினும் எங்கே இயலும், எங்கே இயலாது என்று அறிவதில்தான் இக்கலையின் வரலாறு அடங்கியுள்ளது. தலைநகரின் இரைச்சலுக்கிடையே வாழும் நமக்கும், மதராசி கேம்ப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர்க்கும் இது பயன்படாத ஆராய்ச்சி அன்று.

அரங்கின் அளவு

இசைக்கும் இடத்துக்கும் உள்ள உறவைத் தமிழர் பண்டே கருதினர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இருபத்து நான்கு விரல் நீளமுள்ள கோலால் அரங்கினை அளக்கிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், தளத்தின் உயரம் ஒரு கோல், தளத்திற்கும் மேல் உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல் என இளங்கோவடிகள் கணக்கிட்டுக் கூறுகிறார்.

அறையின் ஒலியைக் கணக்கியலாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சபைன். 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசிய சொல் ஐந்து நொடிக்கு மேலும் முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுந்தது. சபைன் நாடக அரங்கின் மெத்தைகளை இரவில் கொணர்ந்து அடுக்கி, அவை கூடக்கூட முழக்கம் குறைவதை அளந்தார். மண்டபத்தின் கன அளவு மிகுந்தால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் குறுகும் என்பது அவர் கண்ட விதி. ஆயிரம் கனமீட்டர் மண்டபத்தில் உறிஞ்சும் பரப்பு ஐம்பது சதுரமீட்டரானால் முழக்கம் மூன்று நொடிக்குச் சற்று மேல் நிற்கும். அதை நூற்று அறுபதாக்கினால் ஒரு நொடியாகும்.

திருவானைக்காவல் தந்த மேதை

ஒலியோடு ஒலி சேர்ந்து அமைதி பிறப்பதை நேரில் ஆராய்ந்தோருள் ஒருவர், 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன். 1921இல் இங்கிலாந்து சென்ற அவர், இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் முணுமுணுப்பு மாடத்தை ஆராய்ந்தார். சுவரருகே மெல்லப் பேசுவது எதிர்ப்புறத்தில் கேட்பது அம்மாடத்தின் வியப்பு. சுவரிலிருந்து விலக விலக ஒலி சீராகக் குறையும் என்பது அறிஞர் ரேலியின் கருத்து. இராமனும் சதர்லாந்தும் கண்டதோ வேறு: ஒலி ஓரிடத்தில் மிகுந்து, அடுத்த இடத்தில் மங்கி, மீண்டும் மிகுந்தது. அலையின் முகடும் முகடும் கூடினால் ஓசை பெருகும்; முகடும் அகடும் கூடினால் ஓசை மாயும். பீஜப்பூர் கோல் கும்பஸின் முணுமுணுப்பு மாடத்தையும் இராமன் ஆராய்ந்தார்.

இயற்கையில் தானே நிகழும் இதனைக் கருவியால் நிகழ்த்த முனைந்தவர் ஜெர்மானியரான பால் லூயக். அவருடைய அமெரிக்கக் காப்புரிமை 1936இல் வழங்கப்பட்டது. குழாய்வழியே வரும் இரைச்சலை ஒலிவாங்கி முன்னதாகவே பற்றும். மின்குறிப்பு ஒலியினும் விரைந்து ஓடி, தலைகீழான அலையை ஒலிபெருக்கி வழியே எழுப்பும். அக்கால மின்னணுவியல் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1953இல் ஆல்சனும் மேயும் இருக்கையில் அமர்ந்தவரின் தலையருகே மட்டும் இரைச்சலைக் குறைக்கும் கருவியை விளக்கினர். 1978இல் விமானப் பயணத்தில் எஞ்சின் ஓசையால் இசை கேளாமற்போகவே, வங்க விடுதலைப் போராளி ஒருவரின் மகனான அமர் போஸ் அங்கேயே கணக்கிடத் தொடங்கினார். விமானிகளுக்கான அவருடைய ஹெட்போன் 1989இல் விற்பனைக்கு வந்தது.

எல்லை எது?

ஒரு குழாய், ஓர் இருக்கை, ஒரு செவி என்று வெற்றி சிறு இடங்களிலேயே நின்றதன் காரணம் அலைநீளம். நொடிக்கு நூறு அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், ஆயிரம் அதிர்வுக்கோ 34 சென்டிமீட்டர். திறந்த அறையில் மாற்றொலியால் உண்டாகும் அமைதி, அலைநீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவே பரவும். ஆகவே தாழ்ந்த உறுமலுக்கு சுமார் ஒன்றரைச் சாண் அகலத்திற்கு அமைதி கிட்டும். உயர்ந்த ஓசைக்கோ இரண்டு விரல் அகலமே. ஓரிடத்தில் மறைந்த ஓசை வேறோர் இடத்தில் பெருகவும் கூடும்.

இவ்வுண்மையை மதராசி கேம்பின்மேல் வைத்துப் பார்ப்போம். ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையில், பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்த இடம் அது. குடியிருப்புப் பகுதியில் ஓசை பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது 2000ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. நாற்புறமும் நொடிக்கு நொடி மாறிவரும் பெருநகரின் ஊர்தி இரைச்சலை எந்த மாற்றொலியும் ஒரு சந்து முழுவதற்கும் அடக்க வல்லதன்று. விலை கொடுத்து ஹெட்போன் வாங்குவோரின் செவிக்கு மட்டுமே அந்த அமைதி கிட்டும். ஏனையோர்க்கு விதியைக் காக்கும் அரசும், தொலைவும், கனத்த சுவருமே துணை.

நீதிமன்ற ஆணையின்பேரில் 2025 ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என அறிவிக்கப்பட்டது; அவ்வீடுகள் நகரின் வடகோடியில் நரேலாவில் உள்ளன. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் அங்கிருந்து தொலைவு. அங்கே நம் பிள்ளைகள் அமர்ந்து தமிழ் படிக்க ஓர் அறை அமையுமாயின், அது செவிக்கு இனிய அறையாக வேண்டும்.

நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. வெளியோசையைத் தடுப்பது கனமும் இடுக்கற்ற கதவும். உள்முழக்கத்தை அடக்குவது பருத்தி மெத்தை, மடிப்புத் திரை, துணி போர்த்திய பலகை ஆகிய மென்பொருள்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. நம் விழா மண்டபங்களிலும் பேச்சு புரியாதபோது ஒலிபெருக்கியை உயர்த்துவது வழக்கமாகிவிட்டது. அது முழக்கத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. ஒரு குழந்தை மேடையேறிக் குறள் ஒப்பிக்கையில் கடைசி வரிசையில் அமர்ந்த பாட்டியின் செவிக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக எட்ட வேண்டாவா? மண்டபம் எழுப்பும் சங்கங்கள் வண்ணப் பூச்சுக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியைச் சுவரின் மென்பொருளுக்கும் ஒதுக்குக. தமிழ் வளர்வதற்கு முதலில் தமிழ் தெளிவாகக் கேட்க வேண்டும்.