வீட்டிலிருந்தே வேலை: ஒரு பழைய கதை

வீட்டில் இருந்தபடியே கூலி வேலை பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. செம்பட்டியைத் தாண்டிச் சின்னாளப்பட்டிக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட காலம் உண்டு. ஜவுளிக்காரர் பாவும் நூலும் கொடுப்பார். நெசவாளர் தன் வீட்டுத் தறியில் நெய்து, சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவார். நம் அய்யம்பாளையத்தில் தோப்புக்காரர் தென்னை மட்டை கொடுக்க, பெண்கள் வாசலில் உட்கார்ந்து கீற்று முடைவார்கள். நூறு கீற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. மலையிலிருந்து புளி இறங்கும் மாதங்களில் கொட்டை தட்டும் வேலை இருக்கும். வேலூர், திருநெல்வேலிப் பக்கம் பீடி. 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்றே ஏற்றுக்கொண்டது.

இந்த வேலைகளில் ஏமாற்றே இல்லை என்று சொல்ல மாட்டேன். பீடியைக் கழித்துப் போட்டுக் கூலியைக் குறைப்பார்கள். கொடுத்த இலை போதாவிட்டால் தொழிலாளியே காசு போட்டு வாங்கிச் சேர்க்க வேண்டிவரும். ஆனாலும் நூல், மட்டை, புளி எல்லாமே வேலை கொடுப்பவர் வீட்டிலிருந்துதான் வந்தன. சில ஜவுளிக்காரர்கள் நெசவாளருக்கு முன்பணமும் கொடுத்தார்கள். (அந்த முன்பணமே பிறகு கால்விலங்கானது வேறு கதை.) தறியில் உட்காருவதற்கு முன்னால் நெசவாளர் ஜவுளிக்காரருக்குப் பதிவுக் கட்டணம் கட்டினார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

காசு இந்த வழியில் வராமல் எதிர் வழியில் போகத் தொடங்கியது எப்போது? அமெரிக்காவில் 1930-களின் பெருமந்தக் காலத்திலேயே இந்த வித்தை நடந்திருக்கிறது. ‘வீட்டில் உட்கார்ந்து கவரில் கடிதம் போட்டு ஒட்டுங்கள், கவருக்கு இவ்வளவு’ என்று பத்திரிகையில் விளம்பரம் வரும். விவரம் கேட்டுப் பணம் அனுப்பியவனுக்குப் பதிலாக ஒரு தாள் வரும். ‘இதே விளம்பரத்தை நீயும் கொடு, உனக்கும் ஆட்கள் பணம் அனுப்புவார்கள்’ என்பதுதான் அதில் இருக்கும் வேலை. கவரும் கிடையாது, ஒட்டுவதும் கிடையாது.

நம் நாட்டில் கம்ப்யூட்டர் பரவியபோது இது ‘டேட்டா என்ட்ரி’ என்ற பெயரில் வந்தது. நான் தபால் துறையில் இருந்தவன். ‘படிவம் நிரப்பும் வேலை, மாதம் இத்தனை ஆயிரம்’ என்று யாராவது துண்டுச் சீட்டைக் காட்டி யோசனை கேட்பார்கள். இந்த ரகத்தில் பதிவுக் கட்டணம் போவதோடு முடியாது. வேலையைச் செய்து அனுப்பினால் பிழை அதிகம் என்பார்கள். ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டாவிட்டால் கோர்ட்டு நோட்டீஸ்’ என்று ஒரு வக்கீல் குரல் போனில் மிரட்டும். எங்கள் தெருவில் பட்டம் படித்த ஒரு பெண் அந்தப் போனுக்குப் பயந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் அப்பாவிடம், வருகிற நோட்டீஸ் வரட்டும், பைசா அனுப்பாதீர்கள் என்றேன். நோட்டீஸ் வரவேயில்லை.

அடுத்து வந்தது பெரிய அளவு. 2010-ல் ஸ்பீக் ஏசியா என்ற நிறுவனம் சிங்கப்பூர் முகவரியோடு வந்தது. 11,000 ரூபாய் கட்டினால் வாரம் இரண்டு கருத்துக் கணிப்பு நிரப்பலாம், ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். ஆண்டுக்கு 52,000 ஆகிறது. சோப்புக்கும் பற்பசைக்கும் கருத்துச் சொல்ல இவ்வளவு கொடுப்பவன் முதலில் நம்மிடம் 11,000 கேட்பானேன்? லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்த பிறகு, 2011-ல் பணம் பட்டுவாடா நின்று, மும்பை போலீஸ் விசாரணை தொடங்கியது. இதில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான். பணம் கட்டியவர்களில் பலர் சங்கம் அமைத்து, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நிறுவனம் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு.

2017 பிப்ரவரியில் நொய்டாவில் ஏபிளேஸ் இன்ஃபோ சொல்யூஷன்ஸ் பிடிபட்டது. பணம் கட்டிச் சேர்ந்து, திரையில் ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் வாங்குவதுதான் அங்கே வேலை. சுமார் 3,700 கோடி ரூபாய் என்றது போலீஸ்.

2024 ஜனவரி 29-ல் கோவை நீலாம்பூரில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மேல் போலீஸ் வழக்குப் போட, ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் நெடுஞ்சாலையோரம் கூடி நிறுவனத்துக்கு ஆதரவாகக் கோஷம் போட்டார்கள். வழக்கு என்ன ஆகும் என்பது நீதிமன்றத்தின் வேலை. அந்தக் கூட்டத்தைப் பார்த்து, படிக்காதவர்கள் என்று சிரித்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களுக்குப் பணம் வந்திருக்கிறது. தம்பி, மச்சினி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளைச் சேர்த்தும் விட்டிருப்பார்கள். கம்பெனி மூடினால் போவது பணம் மட்டுமல்ல, உறவும்தான். அப்படிப்பட்டவர் நிறுவனத்தின் பக்கம் நிற்பதில் என்ன ஆச்சரியம்? புதிதாகச் சேர்ந்தவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கும் சுழற்சியைத் தடுக்க 1978-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுவிட்டது.

இப்போது ஆளே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுங்கள், 50 ரூபாய். மூன்று லைக்குக்கு 150 ரூபாய் உண்மையாகவே வந்து விழும். தூண்டில் புழு அது. பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். ‘நான் எடுத்துவிட்டேன், நன்றி சார்’ என்று அங்கே எழுதுகிறவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்களே. ‘முன்பணம் கட்டும் டாஸ்க்’ வரும். திரையில் உங்கள் கணக்கில் லட்சம் தெரியும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு இந்த ரக இணையதளங்கள் நூற்றுக்கு மேல் முடக்கியது. நம் வயதுக்காரர்களிடம் இன்னொன்றும் கேட்கிறார்கள்: ‘உங்கள் வங்கிக் கணக்கை மட்டும் கொடுங்கள், வந்த பணத்தை அனுப்பினால் கமிஷன்.’ அது வேறு யாரிடமோ பறித்த பணம். போலீஸ் வரும்போது முடங்குவது உங்கள் பென்ஷன் கணக்கு.

அந்தச் செய்திகளைத் தட்டுகிறவன் யார் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு வேலை விளம்பரம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், அடித்து, இந்த மோசடியைச் செய்யவைத்தார்கள். 2022 அக்டோபரில் அப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பணம் போய்விட்டால், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால், போன பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிமாற்ற எண்ணும் வாட்ஸ்அப் செய்திகளும் வேண்டும், வெட்கப்பட்டு அழித்துவிட வேண்டாம். சில வாரம் கழித்து ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று ஒரு போன் வரலாம். அவர்களும் முதலில் கேட்பது கட்டணம்தான்.