கார்சினாய்டு: ஒரு பெயரும் தோலில் தோன்றும் முடிச்சும்

1907ஆம் ஆண்டில் மியூனிக் நகர நோய்க்குறியியல் அறிஞர் சீக்ஃபிரீட் ஓபன்டார்ஃபர், ஆறு நோயாளரின் சிறுகுடலில் கண்ட சிறு கட்டிகளுக்குக் 'கார்சினாய்டு' என்று பெயரிட்டார். புற்றைப் போன்றது, ஆயினும் புற்றன்று என்பதே அவர் கருதிய பொருள். 1929இல், 36 கட்டிகளை ஆராய்ந்தபின், அவற்றுள் சில உடலெங்கும் பரவக்கூடும் என்று அவரே திருத்தி எழுதினார். யூதரான அவர், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவி இழந்து இஸ்தான்புல் சென்றார். 1944இல் அங்கேயே மறைந்தார். திருத்தம் ஏட்டில் கிடந்தது. பெயரோ வழக்கில் நிலைத்தது. தீங்கற்றது என்னும் எண்ணத்தை அச்சொல்லே நெடுங்காலம் சுமந்து நின்றது எனலாம்.

குடல், கணையம், நுரையீரல் ஆகியவற்றில் நரம்பணுவின் இயல்பும் இயக்குநீர் சுரக்கும் இயல்பும் ஒருங்கே கொண்ட உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் எழும் புற்று பெரும்பாலும் கல்லீரலுக்கே செல்லும். தோலுக்கு வருவது மிக அரிது. வந்தால், தலையிலோ மார்பிலோ சிவந்த, கெட்டியான முடிச்சாகத் தோன்றும். உள்ளுறுப்பின் நோயை அதுவே முதலில் அறிவிப்பதும் உண்டு. 'மெட்டாஸ்டாசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இடமாற்றம் என்று பொருள். 'பரவல்' என்பதினும் 'இடம்பெயர்வு' இதற்குப் பொருந்துமென்பது என் துணிபு.

1972இல் சிரில் டோக்கர், தோலிலேயே பிறந்த புதுவகைப் புற்றை ஐந்து நோயாளரிடம் கண்டு விவரித்தார். வியர்வைச் சுரப்பியிலிருந்து வந்ததென்று முதலில் எண்ணினார். 1978இல் டாங் என்பாருடன் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது சுரப்புத் துகள்கள் தென்பட்டன. ஃபிரீட்ரிக் மெர்க்கெல் 1875இல் தொடு உணர்வு அணுக்கள் என விவரித்தவற்றோடு இப்புற்று இணைத்துப் பேசப்பட்டது அதன் பின்னரே.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. மெர்க்கெல் அணுப் புற்றும், நுரையீரலின் சிற்றணுப் புற்று தோலில் வந்து படிந்ததும் நுண்ணோக்கியில் இரட்டையர்போல் தோன்றும். முன்னது தோலளவில் நின்றிருப்பின் அறுவையும் கதிர்வீச்சும் குணம் தரலாம். பின்னதோ உடலெங்கும் பரவிய நோயின் தூதன்; முடிச்சை மட்டும் வெட்டியெடுப்பது பயன்தராது.

1990களில் சாயச் சோதனைகள் துணைக்கு வந்தன. சைட்டோகெரட்டின் 20 மெர்க்கெலையும், டி.டி.எஃப்.1 நுரையீரலையும் பெரும்பாலும் சுட்டும். இரண்டும் சில வேளை பொய்க்கும். 2008இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர் யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினர், பத்து மெர்க்கெல் கட்டிகளுள் எட்டில் புதியதொரு நச்சுயிரியைக் கண்டனர். எஞ்சிய இரண்டில் அது இல்லை. ஆதலின் இன்றும், ஐயமுள்ள முடிச்சுக்குப் பெயரிடுமுன் மருத்துவர் நோயாளியின் நுரையீரலைப் படமெடுத்துப் பார்க்கின்றனர்.